எடிட்டரில் பச்சை டிக் வந்தும் மாட்யூல் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மெக்கானிக்கல் படித்தவர். வேர்டில் மேனுவல் எழுதிப் பழகிவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் விமானப் பராமரிப்பு ஆவணங்கள் எழுதும் குழுவுக்கு மாறியிருக்கிறீர்கள். அங்கே எல்லாமே எஸ்1000டி தரநிலைப்படி, எக்ஸ்எம்எல் (உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் அது என்ன என்று டேக், அதாவது அடையாளக் குறி, போட்டு எழுதும் முறை) எடிட்டரில். எழுதி முடித்து வேலிடேட் பட்டனை அழுத்தினால் பிழையே இல்லை என்கிறது. கிளையண்டுக்கு அனுப்பினால் ‘பிரெக்ஸ் பிழை’ (திட்டத்தின் தனி விதிகளை மீறியது), ‘ரெஃபரன்ஸ் பிழை’ என்று பாதிக்கு மேல் திரும்பி வருகிறது. எடிட்டர் பொய் சொல்கிறதா, கிளையண்ட் வம்பு செய்கிறாரா, இதை எப்படித்தான் எழுதிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடிட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. பள்ளியில் வெண்பா எழுதச் சொன்னார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சீரும் தளையும் தட்டாமல் நான்கு அடி எழுதிவிடலாம். கடைசிச் சீர் ‘நாள்’, ‘மலர்’ வாய்பாட்டில் ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் அதில் சொன்ன விஷயம் தப்பாக இருக்கலாம், அர்த்தமே இல்லாமலும் இருக்கலாம். யாப்பு அதைக் கேட்பதில்லை. வேலிடேட் பட்டன் பார்ப்பது ஸ்கீமாவை, அதாவது கோப்பின் அமைப்புக்கான விதித் தொகுப்பை. ஸ்கீமா என்பது அந்த யாப்பு. எஸ்1000டி வேலையில் யாப்புக்குப் பிறகு இன்னும் மூன்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. நீங்கள் முதல் இரண்டைத் தாண்டிவிட்டு, வீடு வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள்.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாக ஒட்டும். எஸ்1000டி ஐரோப்பிய விமானத் தொழில் சங்கமான ஏக்மாவில் பிறந்தது. முதல் பதிப்பு 1989-ல் வந்தது. இப்போது விமானத் தொழில் சங்கங்களான ஐரோப்பாவின் ஏஎஸ்டி, அமெரிக்காவின் ஏஐஏ, விமான நிறுவனங்களின் சங்கமான ஏ4ஏ மூன்றும் சேர்ந்து பராமரிக்கின்றன. போர் விமானத்துக்காகத் தொடங்கியது கப்பல், டாங்கி, பயணிகள் விமானம் வரை பரவிவிட்டது. இதன் அடிப்படை எண்ணம் எளிமையானது: புத்தகம் என்று ஒன்று கிடையாது. தனியாக நிற்கக்கூடிய சின்னச் சின்னத் தகவல் துண்டுகள்தான் உண்டு. ஒரு பம்ப்பைக் கழற்றுவது ஒரு துண்டு, மாட்டுவது இன்னொன்று, அது எப்படி இயங்குகிறது என்பது மூன்றாவது. இவற்றுக்கு டேட்டா மாட்யூல் என்று பெயர். எல்லாம் ஒரு பொதுத் தரவுதளத்தில் கிடக்கும்; தேவைக்கேற்ப எடுத்துக் கோத்தால் மேனுவல்.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. குறைந்தது 17 எழுத்து. பயிற்சிக்கான நீட்சியும் சேர்ந்தால் 41 வரை போகும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், அது ஒரு முகவரி மாதிரிதான். எந்த விமானம், எந்த அமைப்பு, எந்த உறுப்பு, என்ன வகைத் தகவல், வேலை எங்கே நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். விமானத் தொழிலில் அமைப்புகளுக்கான எண்கள் பழைய ஏடிஏ (அமெரிக்க விமான நிறுவனச் சங்கத்தின்) பிரிவிலிருந்து வந்தவை: 29 என்றால் ஹைட்ராலிக், 32 என்றால் லேண்டிங் கியர். தகவல் வகைக்கு மூன்று இலக்கம்: 520 கழற்றுவது, 720 மாட்டுவது, 040 விவரிப்பு. கடைசி எழுத்து ஏ என்றால் விமானத்திலேயே பொருத்திய நிலையில், சி என்றால் கழற்றி ஒர்க் பெஞ்ச்சில் வைத்து. இந்தக் கடைசி எழுத்தைப் புதியவர்கள் அலட்சியம் செய்வார்கள். விமானத்தில் செய்ய முடியாத வேலையை ஏ போட்டு எழுதினால், மெக்கானிக் இறக்கைக்கு அடியில் நின்றுகொண்டு நம்மைத் திட்டுவார். ஸ்கீமா இதைக் கண்டுபிடிக்காது.

சரி, வாசல்களுக்கு வருவோம்.

முதல் வாசல், கோப்பு எக்ஸ்எம்எல்லாக இருக்கிறதா என்பது. திறந்த டேக்கை மூடியிருக்க வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடங்க வேண்டும், அவ்வளவுதான். எடிட்டரில் எழுதும்போது இது அநேகமாகத் தானாகவே நடந்துவிடும். பழைய வேர்டு கோப்பிலிருந்து ஒட்டும்போது மட்டும் ஆம்பர்சண்ட் குறியும், ‘5 மிமீக்குக் குறைவு’ என்பதற்குப் போடும் < குறியும் டெக்ஸ்ட் வியூவில் தகராறு செய்யும். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஸ்கீமா. எந்த எலிமெண்ட் (டேக் போட்டுக் குறித்த ஒரு பகுதி) எங்கே வரலாம், எது கட்டாயம், எந்த ஆட்ரிப்யூட்டுக்கு (டேக்கோடு சேரும் பண்பு) என்ன வகை மதிப்பு என்பதெல்லாம் இதில் இருக்கிறது. செய்முறைக்கு ஒரு ஸ்கீமா, விவரிப்புக்கு ஒன்று, பழுது கண்டறிதலுக்கு ஒன்று, பாகப் பட்டியலுக்கு ஒன்று. உங்கள் பச்சை டிக் இந்த வாசலில் கிடைப்பது. இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, எந்த ஸ்கீமாவை வைத்துச் சோதிக்கிறீர்கள் என்பது. மாட்யூலின் முதல் டேக்கிலேயே ஸ்கீமாவின் இணைய முகவரி இருக்கும். அலுவலக நெட்வொர்க்கில் பெரும்பாலும் அந்த முகவரிக்குப் போக அனுமதி இருக்காது. எடிட்டர் ‘கேட்டலாக்’ என்ற ஒரு கோப்பைப் பார்த்து, அந்த முகவரிக்குப் பதிலாக உங்கள் கணினியில் இருக்கும் பிரதியை எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜன், ஆர்பர்டெக்ஸ்ட், எக்ஸ்மெட்டல் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. அந்தக் கேட்டலாக் வேறு பதிப்பைக் காட்டிக்கொண்டிருந்தால் நடப்பது எல்லாமே கூத்து. 2008-ல் வந்த 4.0 பதிப்பில் எலிமெண்ட்களின் பெயர்கள் பெருமளவு மாறின. அதற்கு முன் செய்முறைப் படிகள் ஸ்டெப்1, ஸ்டெப்2 என்று ஸ்டெப்5 வரை மட்டத்துக்கு ஒரு பெயரோடு இருந்தன. 4.0-ல் எல்லாம் ‘புரொசீஜரல் ஸ்டெப்’ என்ற ஒரே பெயர். அதையே ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை மட்டம் வேண்டுமானாலும் வைக்கலாம். இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிரெக்ஸ் பற்றிப் பேசும்போது திரும்பி வருவேன்.

இன்னொன்று, பிழைச் செய்தியை வாசிப்பது. ‘சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப் 2.4.ஏ’ என்று தொடங்கி, ‘இந்த எலிமெண்ட்டில் தவறான உள்ளடக்கம் தொடங்குகிறது, இவற்றில் ஒன்று எதிர்பார்க்கப்பட்டது’ என்று அடைப்புக்குள் ஒரு பட்டியல் தரும். எடிட்டர் சிவப்புக் கோடு போட்ட இடம் தப்பு நடந்த இடம் அல்ல. தப்பு அதற்குத் தெரியவந்த இடம். நீங்கள் முன்னால் ஒரு கட்டாய எலிமெண்ட்டை விட்டிருப்பீர்கள். அது அடுத்து வந்த நிரபராதியின் மேல் கோடு போடும். அதனால் கோட்டைப் பார்க்காமல் அடைப்புக்குள் உள்ள பட்டியலைப் பாருங்கள், அங்கே என்ன விட்டுப்போயிற்று என்பது இருக்கும். நாற்பது பிழை வந்தால் முதல் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மறுபடி வேலிடேட் செய்யுங்கள். பல நேரம் நாற்பது மூன்றாகிவிடும். பட்டியலைக் கீழிருந்து மேலாகத் திருத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். சாயந்திரம் வரை திருத்திக்கொண்டிருப்பார்கள்.

‘சிவிசி-ஐடி 1’ என்று வந்தால், உள்ளே ஒரு இடத்திலிருந்து படத்தையோ கருவியையோ சுட்டியிருக்கிறீர்கள், அந்தப் பெயரில் எதுவுமே இல்லை என்று அர்த்தம். ‘சிவிசி-ஐடி 2’ என்றால் ஒரே பெயர் இரண்டு இடத்தில். வேறொரு மாட்யூலிலிருந்து படிகளை அப்படியே காப்பி அடித்தால் இரண்டாவது கட்டாயம் வரும். படத்தின் எண்ணைப் பற்றி ‘என்டிட்டியாக ஏற்க முடியாது’ என்று புலம்பினால், அந்தப் படம் கோப்பின் தலையில் அறிவிக்கப்படவில்லை. படத்தைக் கையால் டைப் செய்யாமல் எடிட்டரின் இன்சர்ட் வழியாகச் சேர்த்தால் இந்தத் தொல்லை வராது.

இனி ஸ்கீமா எதையெல்லாம் சிரித்த முகத்தோடு உள்ளே விடும் என்று பார்ப்போம். உங்கள் கேள்வியின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

செய்முறை மாட்யூலின் தொடக்கத்தில் முன்தேவைகள் என்று ஒரு பகுதி உண்டு: வேலைக்கு முன் இருக்க வேண்டிய நிலை, கருவிகள், கிரீஸ், சீலன்ட் போன்ற செலவுப் பொருட்கள், மாற்றுப் பாகங்கள், பாதுகாப்பு. இவை ஒவ்வொன்றும் கட்டாயம். ஒன்றும் தேவையில்லை என்றால் சும்மா விட முடியாது. ‘தேவையில்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு காலி எலிமெண்ட்டைப் போட வேண்டும். பாதுகாப்புக்கு அது ‘நோசேஃப்டி’. நல்ல ஏற்பாடுதான், மறந்து விடுவதற்கும் யோசித்து இல்லை என்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் நடப்பது என்ன? டெம்ப்ளேட் தயாரிப்பவர் ஸ்கீமா அழக்கூடாது என்று எல்லா இடத்திலும் இந்தக் காலி எலிமெண்ட்களைப் போட்டு வைத்துவிடுகிறார். எழுதுபவர் படிகளை மட்டும் எழுதிவிட்டு வேலிடேட் செய்கிறார். பச்சை டிக்.

நானே இதைச் செய்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த காலத்தில், ஹைட்ராலிக் அக்யூமுலேட்டரை (அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலன்) கழற்றும் மாட்யூல். பயணிகள் விமானங்களில் ஹைட்ராலிக் அழுத்தம் வழக்கமாக 3,000 பிஎஸ்ஐ. அழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைத் தளர்த்தினால் திரவம் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். என் மாட்யூலில் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் ‘ஒன்றுமில்லை’ என்று அழகாக அச்சாகி வந்தது. ரிவ்யூவில் ஒரு ஓய்வுபெற்ற விமானப்படை டெக்னீஷியன் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து என் டெம்ப்ளேட்களில் அந்த ‘தேவையில்லை’ எலிமெண்ட்களைப் போடாமலே விடுகிறேன். ஸ்கீமா அழட்டும். அழுதால்தான் யோசிப்போம்.

அடுத்து உள்சுட்டிகள். ‘படம் 2-ஐப் பார்’ என்று நீங்கள் எழுதுவதில்லை. ஃபிக்-0002 என்ற ஐடியைச் சுட்டுகிறீர்கள், எண் தானாக வரும். அந்த ஐடி இருக்கிறதா என்றுதான் ஸ்கீமா பார்க்கும். அது நீங்கள் நினைத்த படமா, படமே தானா என்றுகூடப் பார்க்காது. படம் என்று வகை குறித்துவிட்டு ஒரு ரென்ச்சைச் சுட்டினாலும் டிக்தான். வெளிச்சுட்டி இன்னும் மோசம். வேறொரு மாட்யூலைச் சுட்டும்போது அதன் குறியீட்டின் ஒவ்வொரு பகுதியும் வடிவத்தில் சரியாக இருந்தால் போதும். அப்படி ஒரு மாட்யூல் உலகத்தில் இருக்கிறதா என்பது ஸ்கீமாவின் கவலை இல்லை. நீங்கள் சொன்ன ‘ரெஃபரன்ஸ் பிழை’ பெரும்பாலும் இதுதான். கிளையண்டின் தரவுதளத்தில் அந்த எண் இல்லை, அல்லது திட்டத்துக்கான மாட்யூல் பட்டியலில் அது வேறு மாதிரி இருக்கிறது. எழுத உட்காரும் முன் அந்தப் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட வேண்டிய குறியீட்டை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஊகித்து டைப் செய்யக்கூடாது.

இப்போது பிரெக்ஸ். வணிக விதிகளின் பரிமாற்றம் என்று விரித்துச் சொல்லலாம், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிரெக்ஸ்தான். எஸ்1000டி எல்லோருக்கும் பொதுவானது, அதனால் தாராளமானது. கப்பல்காரருக்கு வேண்டியது, டாங்கிக்காரருக்கு வேண்டியது எல்லாம் ஸ்கீமாவில் இருக்கும். ஒவ்வொரு திட்டமும் ‘இதில் எதெது நமக்கு வேண்டும், எதெது கூடாது’ என்று முடிவு செய்கிறது. அந்த முடிவுகளை எழுதி வைக்கும் கோப்புதான் பிரெக்ஸ். வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஒரு டேட்டா மாட்யூல்தான். தகவல் வகை 022.

உள்ளே இருப்பது பெரும்பாலும் எக்ஸ்பாத் வரிகள். எக்ஸ்பாத் என்றால் ‘இந்த வீட்டில், இந்த அறையில், இந்த அலமாரி’ என்று வழி சொல்வது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு கொடி: 0 என்றால் அங்கே அது இருக்கக்கூடாது, 1 என்றால் இருந்தே ஆக வேண்டும், 2 என்றால் இருக்கலாம். மதிப்புகளையும் கட்டுப்படுத்தலாம்: இந்த ஆட்ரிப்யூட்டுக்கு இந்த மூன்று மதிப்பு மட்டும், அல்லது இந்த வடிவத்துக்குப் பொருந்துவது மட்டும்.

முன்பு சொன்ன படிகளின் கதைக்கு வருகிறேன். பழைய பதிப்பில் ஸ்டெப்5-க்கு மேல் பெயரே கிடையாது, அதனால் ஆறாவது மட்டம் எழுத முடியாது. 4.0-க்குப் பிறகு ஸ்கீமாவில் அந்தத் தடை இல்லை. அதனால் திட்டங்கள் அந்தத் தடையை பிரெக்ஸில் எழுதுகின்றன: ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு படிக்கு மேல் போகும் வழி, கொடி 0. நீங்கள் ஐந்தாவது மட்டத்தில் ஒரு படி வைத்தால் எடிட்டர் வாயே திறக்காது. கிளையண்டின் சோதனை பிடித்துவிடும். இன்னொரு அன்றாட உதாரணம், எழுத்தைத் தடிமனாக்குவது. வேர்டிலிருந்து வந்தவர்களுக்கு முக்கியமான சொல்லை போல்டு செய்யாமல் கை நிற்காது. எஸ்1000டியில் அதற்கு எம்ஃபசிஸ் என்ற எலிமெண்ட் இருக்கிறது, ஸ்கீமா அனுமதிக்கும். ஆனால் பல திட்டங்களின் பிரெக்ஸில் அது தடை. எச்சரிக்கை என்றால் எச்சரிக்கைக்கான டேக்கைப் போடு, தோற்றத்தை ஸ்டைல்ஷீட் (எது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் கோப்பு) பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. உங்களுக்குத் திரும்பி வந்ததில் எத்தனை இந்த வகை என்று எண்ணிப் பாருங்கள், பந்தயம் கட்டுகிறேன்.

சரி, எடிட்டர் ஏன் இதைச் சொல்லவில்லை? இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, பொதுவான எக்ஸ்எம்எல் எடிட்டருக்கு பிரெக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. வேலிடேட் என்றால் அதற்கு ஸ்கீமா மட்டுமே. எஸ்1000டிக்கான கூடுதல் தொகுப்பு இருந்தால்தான் பிரெக்ஸ் ஓடும். அப்படி இல்லையென்றால் இரண்டு வழி உண்டு. ரிக் ஜெலிஃப் 1999-ல் உருவாக்கி, பிறகு ஐஎஸ்ஓ தரமாகிவிட்ட ஸ்கீமட்ரான் மொழிக்கு பிரெக்ஸ் விதிகளை மாற்றி எடிட்டரோடு இணைக்கலாம். இரண்டுமே எக்ஸ்பாத்தை நம்புவதால் மாற்றுவது கஷ்டமில்லை. நீங்கள் டைப் செய்யச் செய்யவே பிழை தெரியும், அது பெரிய சௌகரியம். அல்லது எஸ்1கேடி-டூல்ஸ் என்ற இலவசக் கருவித் தொகுப்பு இருக்கிறது, கட்டளை வரியில் ஓடுவது. அதில் ஸ்கீமா சோதனைக்கு ஒன்று, பிரெக்ஸ் சோதனைக்கு ஒன்று, சுட்டிகளைப் பட்டியலிட ஒன்று, பொருந்தும் தன்மையை (எது எந்த விமானத்துக்கு என்பதை) சோதிக்க ஒன்று என்று தனித்தனியாக உண்டு. ஒரு ஃபோல்டரில் உள்ள 300 மாட்யூலையும் ஒரே அடியில் ஓட்டிப் பார்க்கலாம். அனுப்புவதற்கு முந்தின நாள் இதைச் செய்யும் பழக்கம் உங்கள் குழுவில் வந்தாலே திரும்பி வருவது பாதியாகும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. நிறையப் பேர் இதில் விழுகிறார்கள். ஒவ்வொரு மாட்யூலின் தலைப்பகுதியிலும் ‘எனக்கான பிரெக்ஸ் இது’ என்று ஒரு சுட்டி இருக்கும். தரநிலையோடு ஒரு பொது பிரெக்ஸ் வரும். திட்டத்துக்கு என்று தனி பிரெக்ஸ் அதன் மேல் அடுக்காக அமரும். உங்கள் டெம்ப்ளேட் பொது பிரெக்ஸைச் சுட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் பிரெக்ஸ் சோதனை ஓட்டினாலும் பொது விதிகளுக்கு எதிராகத்தான் ஓடும். பாஸ் ஆகிவிடும். கிளையண்ட் தன் திட்ட பிரெக்ஸை வைத்து ஓட்டுவார், தோற்கும். இன்று மாலையே ஏதாவது ஒரு மாட்யூலைத் திறந்து அந்தச் சுட்டியை மட்டும் பாருங்கள்.

பிரெக்ஸிலும் எல்லாம் அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘எச்சரிக்கையில் ஆபத்து என்ன, அதனால் என்ன ஆகும் என்று இரண்டும் இருக்க வேண்டும்’ என்ற விதியை எந்த எக்ஸ்பாத்தும் சோதிக்க முடியாது. இப்படிப்பட்ட விதிகளை வெறும் வாக்கியமாக எழுதி வைக்க பிரெக்ஸிலேயே ஒரு தனிப் பகுதி உண்டு. மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும்; நீங்கள் தாண்டக்கூடாது.

பொருந்தும் தன்மை அடுத்த பொறி. ஒரே மாடல் விமானத்தில் பத்தாவது விமானம் வரை ஒரு பம்ப், பதினொன்றிலிருந்து வேறு பம்ப் என்று இருக்கும். மாட்யூலில் இரண்டுக்கும் படிகள் எழுதி, எது எதற்கு என்று குறிப்பீர்கள். இதில் ஒரே விஷயம் இரண்டு தடவை எழுதப்படுகிறது: மனிதர் படிக்க ஒரு வாக்கியம், கணினி கணக்கிட ஒரு நிபந்தனை. வாக்கியத்தில் ‘1 முதல் 10 வரை’ என்றும் நிபந்தனையில் 1~11 என்றும் இருந்தால் ஸ்கீமா, பிரெக்ஸ் இரண்டுமே கண்டுகொள்ளாது. டேப்லெட்டில் 11-ஆம் விமானத்தைத் தேர்ந்தெடுத்த மெக்கானிக்குக் கணினி பழைய பம்ப்பின் படிகளைக் காட்டும். அச்சடித்துப் பார்க்கும் ரிவ்யூவரோ வாக்கியத்தைப் படித்து, சரி என்று கையெழுத்துப் போடுவார். எல்லைகளில் இருக்கும் எண்களை மட்டும் தனியாக எடுத்துச் சோதியுங்கள். 9, 10, 11, 12 ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து மாட்யூல் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் போதும். ஒன்றுக்கு இரண்டு படியும் வருகிறதா, இன்னொன்றுக்கு எதுவுமே வரவில்லையா என்று உடனே தெரியும்.

எழுதும் முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் பழக்கத்தைச் சொல்கிறேன், கட்டாயமில்லை. எப்போதும் டேக் தெரியும் வியூவில்தான் எழுதுவேன். வேர்டு மாதிரி அழகாகக் காட்டும் வியூ ஆரம்பத்தில் இதமாக இருக்கும், ஆனால் கண் தோற்றத்தைத் திருத்தப் போய்விடும். முதலில் படிகளை எழுதுவேன், முன்தேவைகளைத் தொடமாட்டேன். படிகள் முடிந்ததும் மேலிருந்து கீழாக ஒருமுறை வந்து, ஒவ்வொரு படியிலும் கை என்ன எடுக்கிறது, என்ன பூசுகிறது, எதைத் தூக்கி எறிகிறது என்று பார்த்து முன்தேவைகளை நிரப்புவேன். அப்புறம் எதிர்த்திசையில் ஒரு சோதனை: பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியையும் ஏதாவது ஒரு படி சுட்டுகிறதா? சுட்டாத கருவி பழைய மாட்யூலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எச்சம். எச்சரிக்கை அதற்குரிய படிக்கு முன்னால் வர வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கு ஆபத்து என்றால் வார்னிங், பொருளுக்குச் சேதம் என்றால் காஷன். குறிப்பு என்ற நோட்டுக்குள் மட்டும் எந்த வேலையையும் ஒளித்து வைக்காதீர்கள். நோட்டை யாரும் படிப்பதில்லை.

வாக்கியங்களுக்கும் ஒரு தரநிலை இருக்கிறது: எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம், ஏஎஸ்டி-எஸ்டிஇ100. 1986-ல் வந்தது, பயணிகள் விமானங்களுக்காக. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்கும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது, விவரிப்பில் 25. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்: ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டும்தான், விதிமுறையை ஃபாலோ செய் என்று எழுதக்கூடாது, ‘ஒபே’ என்று எழுத வேண்டும். ‘டெஸ்ட்’ பெயர்ச்சொல் மட்டுமே. டெஸ்ட் செய் என்பதை வினையாக எழுதினால் பிழை. முதலில் எரிச்சலாக இருக்கும். நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது: நாமும் ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்கள்தான், எந்த வாக்கியம் குழப்பும் என்று நமக்கு உள்ளே தெரியும். தாய்மொழிக்காரருக்கு அது தெரிவது கடினம். இதற்கான சோதனை மென்பொருள்கள் உண்டு; அவை சொல் எண்ணும், தடைச் சொல்லைக் காட்டும். அர்த்தம் மாறிவிட்டதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கடைசி வாசல் மனிதர். மாட்யூலின் தலைப்பகுதியில் தரச்சோதனை நிலை என்று ஒரு இடம் இருக்கும்: இன்னும் சரிபார்க்கவில்லை, முதல் சரிபார்ப்பு, இரண்டாம் சரிபார்ப்பு. எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதும் பதிவாகும்: மேசையில் வரைபடத்தோடு வைத்துப் பார்த்ததா, விமானத்திலேயே செய்து பார்த்ததா, இரண்டுமா. மேசைச் சரிபார்ப்பு எவ்வளவு கறாராக இருந்தாலும் ஏட்டுச் சுரைக்காய்தான். அந்த நட்டுக்கு ரென்ச் நுழைய இடமிருக்கிறதா என்று காகிதம் சொல்லாது.

பாக எண்கள் விஷயத்தில் ஒரு பழைய சம்பவத்தை எப்போதும் சொல்வேன். 1990 ஜூன் 10, பர்மிங்காமிலிருந்து மலாகா போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பறந்துகொண்டிருக்கும்போது விமானியின் முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துவிட்டார். அந்தக் கண்ணாடியை 27 மணி நேரத்துக்கு முன்தான் மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை, மீதி 6 நீளம் குறைந்தவை. பாகப் பட்டியலில் இருந்தது ஏ211-8டி. போட்டதில் பெரும்பான்மை ஏ211-8சி. பட்டியலைத் திறக்காமல், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருக்கிறார்கள். அங்கே ஆவணம் சரியாக இருந்தது, யாரும் பார்க்கவில்லை. என் பயம் மறுபுறமானது: பார்க்கிறவர் பார்த்து, நாம் 8டிக்குப் பதில் 8சி என்று எழுதியிருந்தால்? ஸ்கீமாவுக்கு இரண்டுமே எழுத்துத் தொடர்தான். பிரெக்ஸில் வடிவம் சோதித்தாலும் இரண்டுமே வடிவத்தில் சரி. அதனால் பாக எண், டார்க் மதிப்பு (போல்ட்டை எவ்வளவு முறுக்கி இறுக்க வேண்டும் என்ற அளவு), அழுத்த அளவு இந்த மூன்றையும் இன்னொருவர் மூல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க, நான் திரையில் பார்ப்பேன். பத்து நிமிட வேலை. சிலர் சிரிப்பார்கள்.

திரும்பி வந்த தொகுப்பை என்ன செய்வது என்று கேட்டால்: மாட்யூல் வாரியாகத் திருத்தத் தொடங்காதீர்கள். பிழை அறிக்கையை எக்செல்லில் போட்டு விதி வாரியாக அடுக்குங்கள். 200 பிழை என்றால் அநேகமாக ஏழெட்டு விதிதான் இருக்கும். அவற்றில் டெம்ப்ளேட்டிலிருந்து வந்தவை எவை என்று பிரித்து, டெம்ப்ளேட்டை முதலில் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே பிழைகள் புது எண்ணில் வரும். ஏதாவது விதி அர்த்தமில்லாமல் தெரிந்தால் வாதாடுங்கள்; பிரெக்ஸையும் மனிதர்தான் எழுதுகிறார், எக்ஸ்பாத்தில் தப்பு விடுவது சகஜம். ஒருமுறை எங்களுக்கு வந்த விதி, நல்ல மாட்யூல் அனைத்தையும் நிராகரித்தது. காரணம் ஒரு சாய்கோடு அதிகம்.

இவற்றையெல்லாம் தொடங்கும் முன் கிளையண்டுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். திட்ட பிரெக்ஸின் நடப்புப் பதிப்பு, மாட்யூல் பட்டியல், பொருந்தும் தன்மைக்கான குறுக்கு அட்டவணைகள், எந்த ஸ்கீமா பதிப்பு என்ற உறுதி, இந்த நான்கும் வேண்டும் என்று. மூன்று மாதமாக இவை இல்லாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.